மன்ஸ்டர் இன்டர்மீடியட் ஹர்லிங்கில் கெரி சாம்பியன் ஆடுவது நியாயமா?

கிழக்குகார்க் | ஞாயிறு இரவு 9.40

நேற்றுப் பையனைப் பயிற்சிக்கு விட்டுவிட்டு கிளப் வாசலில் நின்றிருந்தேன். மூத்த உறுப்பினர்கள் இரண்டு பேருக்குள் இதைப் பற்றிச் சூடான வாக்குவாதம். வீட்டுக்கு வந்த பிறகும் அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே அயர்லாந்தில் இருக்கும் நம்மவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு. ஹர்லிங் என்பது மட்டையும் சின்னப் பந்தும் வைத்து ஆடும் ஐரிஷ் ஆட்டம். மன்ஸ்டர் மாகாணத்தில் ஆறு கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி): கார்க், டிப்பரரி, லிமெரிக், கிளேர், வாட்டர்ஃபோர்டு, கெரி. ஒவ்வொரு கவுண்டியிலும் கிளப்புகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். மேலே சீனியர், நடுவில் இன்டர்மீடியட், கீழே ஜூனியர். (ஜூனியர் என்றால் சின்னப் பையன்கள் இல்லை. நாற்பது வயதுக்காரரும் ஜூனியர் ஆடுவார். அது தரத்தின் பெயர், அவ்வளவுதான்.) கவுண்டியில் இன்டர்மீடியட் பட்டம் வென்ற கிளப் குளிர்காலம் தொடங்கும்போது மாகாணப் போட்டிக்குப் போகும். ஆறு அணிகள், தோற்றால் வீட்டுக்கு. இரண்டு அணிகள் நேராக அரையிறுதியில் இறங்கும். இதை வென்றால் அகில அயர்லாந்து கட்டம். இறுதி ஆட்டம் டப்ளின் க்ரோக் பார்க்கில்.

சிக்கல் இதுதான். மற்ற ஐந்து கவுண்டிகளும் நடுத்தட்டு சாம்பியனை அனுப்புகின்றன. கெரி மட்டும் தன் சீனியர் சாம்பியனை, அதாவது கவுண்டியிலேயே முதல் அணியை, இதே போட்டிக்கு அனுப்புகிறது. இது சரியா? என் மனசுக்கு இது ஒப்பவில்லை.

பழையஹாக்கி | ஞாயிறு இரவு 10.15

அண்ணா, நான் கோவில்பட்டிக்காரன். பள்ளி நாட்களில் ஹாக்கி ஆடியவன். ஹர்லிங் வீடியோ பார்த்தபோது முதலில் மட்டையைத் தலைக்கு மேல் தூக்குகிறார்களே என்று அதிர்ந்துபோனேன், அப்புறம் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் ஸ்கோர் புரியவில்லை. 1-17 என்று போடுகிறார்களே, அது என்ன கணக்கு? அப்புறம் இந்த இன்டர்மீடியட் கோப்பை ஜெயித்தால் பரிசுத் தொகை எவ்வளவு? எங்கள் பக்கம் டோர்னமென்ட் என்றால் முதல் பரிசுத் தொகையைத்தான் நோட்டீஸில் பெரிதாகப் போடுவார்கள்.

ஷானன்கரை | ஞாயிறு இரவு 10.50

தம்பி, கோல் கம்பம் எச் எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. கம்பிக்கு மேலே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் போனால் ஒரு புள்ளி. 1-17 என்றால் ஒரு கோல், பதினேழு புள்ளி, மொத்தம் 20. பக்கத்துக்கு 15 பேர். கிளப் ஆட்டம் 60 நிமிடம்.

பரிசுத் தொகை என்று பார்க்காதீர்கள். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குப் போக வேண்டும். பிறந்து வளர்ந்த ஊர் எதுவோ அந்த கிளப்புக்குத்தான் ஆடுவார்கள். ஜெயிப்பதற்காக வெளியூர் ஆளைக் கூட்டிவந்து இறக்கும் வழக்கம் இங்கே இல்லை.

கிழக்குகார்க் அண்ணா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் லிமெரிக்கில் ஏழு வருடமாக இருக்கிறேன். நீங்கள் கெரியைக் காட்டுகிறீர்கள். எனக்கென்னவோ கார்க்தான் கண்ணுக்குத் தெரிகிறது. 2017 முதல் 2024 வரை கணக்கைப் பாருங்கள். 2017-இல் கான்டர்க், 2018-இல் சார்ல்வில், 2019-இல் ஃபாதர் ஓநீல்ஸ், 2023-இல் காஸல்லையன்ஸ், 2024-இல் வாட்டர்கிராஸ்ஹில். ஐந்துமே கார்க் கிளப். 2020-இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. மிச்சம் இரண்டே இரண்டு: 2021 கெரியின் கில்மொய்லி, 2022 எங்கள் லிமெரிக்கின் மோனலீன். ஏழு போட்டியில் ஐந்தை ஒரே கவுண்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஒரே ஒரு தடவை ஜெயித்த கெரியைக் கேள்வி கேட்கலாமா?

கிழக்குகார்க் | ஞாயிறு இரவு 11.20

அக்கா, கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கார்க்கின் நிலைமையையும் பாருங்கள். 2020-இல் இங்கே தரங்களை மாற்றி அமைத்தார்கள். இப்போது மேலே பிரீமியர் சீனியர், அதற்குக் கீழே சீனியர் ஏ, அதற்கும் கீழே பிரீமியர் இன்டர்மீடியட். ஒவ்வொன்றிலும் 12 கிளப். மன்ஸ்டர் இன்டர்மீடியட்டுக்குப் போவது அந்த மூன்றாம் தட்டு சாம்பியன். அதாவது காஸல்லையன்ஸோ வாட்டர்கிராஸ்ஹில்லோ ஜெயித்த வருடத்தில், தர வரிசையில் அவர்களுக்கு மேலே சொந்தக் கவுண்டியிலேயே 24 கிளப்புகள் இருந்தன. நாங்கள் இருபத்தைந்தாவது அணியை அனுப்புகிறோம், கெரி முதல் அணியை அனுப்புகிறது.

வடகெரி | திங்கள் காலை 7.05

ராத்திரி டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறேன், இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கெரியின் டிராலி நகரத்தில் ஐந்து வருடமாக இருக்கிறேன்.

அண்ணா, "முதல் அணி" என்று சொல்கிறீர்கள். எத்தனை அணிகளில் முதல்? கெரி என்றாலே கேலிக் கால்பந்து, அயர்லாந்தின் சொந்தக் கால்பந்து. அதில் இந்தக் கவுண்டி நாட்டிலேயே அதிகப் பட்டம் வென்றது. ஹர்லிங் என்பது வடக்கு மூலையில் ஏழெட்டு ஊர்களில் மட்டும் மூச்சு விடுகிற ஆட்டம்: கில்மொய்லி, காஸ்வே, பாலிடஃப், லிக்ஸ்னா, அபிடோர்னி, இன்னும் இரண்டு மூன்று. டிராலியிலிருந்து காரில் அரை மணி நேரம் சுற்றினால் பாதி ஊர்களைப் பார்த்துவிடலாம். இந்த ஊர்கள் வருடம் முழுக்கத் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்கின்றன. உங்கள் இருபத்தைந்தாவது அணி வருடம் முழுக்க யாருடன் மோதுகிறது? அதே தரத்தில் இன்னும் பதினோரு வலுவான கார்க் அணிகளுடன். எங்கள் முதலாவதும் உங்கள் இருபத்தைந்தாவதும் கிட்டத்தட்டச் சமம் என்பதற்கு 2021 போட்டியே சாட்சி. கில்மொய்லி இறுதி ஆட்டத்தில் கார்க்கின் கோர்சி ரோவர்ஸை வென்றது. நொறுக்கித் தள்ளவில்லை, போராடி வென்றது.

கெரி ஹர்லிங்கில் அகில அயர்லாந்து சீனியர் பட்டம் வென்றது ஒரே ஒரு தடவை, 1891-இல். அன்று கெரி சார்பில் ஆடியது பாலிடஃப். நூற்றுமுப்பது வருடம் ஆகிவிட்டது. கவுண்டி அணி பல வருடம் ஆடியது இரண்டாம் தட்டான ஜோ மெக்டோனா கோப்பையில். அதிலும் 2020, 2021, 2022 என்று மூன்று வருடம் தொடர்ந்து இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். இப்படிப்பட்ட கவுண்டியின் கிளப்பை சீனியர் மன்ஸ்டரில் வாட்டர்ஃபோர்டின் பாலிகன்னருக்கு எதிரே நிறுத்தச் சொல்கிறீர்களா? ஒரே மதியத்தில் முப்பது புள்ளி வித்தியாசத்தில் கதை முடிந்துவிடும். அதைப் பார்க்கிற பத்து வயதுப் பையன் அடுத்த நாள் மட்டையை வைத்துவிட்டுக் கால்பந்தை எடுப்பான். இங்கே அவனைக் கூப்பிடக் கால்பந்து எப்போதும் வாசலில் நிற்கிறது.

பஸ் வந்துவிட்டது. சாயங்காலம் வருகிறேன்.

மேயோகாற்று | திங்கள் மதியம் 1.30

வடகெரி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் இருப்பது மேயோ. இங்கேயும் கால்பந்துதான் எல்லாம். ஆனால் டூரீன் என்று ஒரு சின்ன ஊர் ஹர்லிங்கை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. மேயோவின் சீனியர் சாம்பியன் என்ற பேரில் அவர்கள் கன்னாட் மாகாண இன்டர்மீடியட்டில் ஆடுகிறார்கள். கன்னாட்டில் ஹர்லிங் என்றால் கால்வே மட்டும்தான் பெரிய கை. அந்த கால்வேயின் நடுத்தட்டைத் தாண்டி 2023 ஜனவரியில் டூரீன் க்ரோக் பார்க் வரை போனது. ஷானன்கரை அக்காவின் மோனலீனிடம்தான் தோற்றார்கள். தோற்றார்கள் என்பது வேறு விஷயம். எண்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய அந்த மைதானத்தில் மேயோ ஹர்லிங் கிளப் ஒன்று இறுதி ஆட்டம் ஆடியதே, இந்தக் கதவு திறந்திருந்ததால்தானே?

இன்னொன்று. 2022 அகில அயர்லாந்து இன்டர்மீடியட் இறுதியில் கில்மொய்லியைத் தோற்கடித்த நேஸ் யார் தெரியுமா? கில்டேர் கவுண்டியின் சீனியர் சாம்பியன். ஆக அன்று மோதிய இரண்டுமே சீனியர் சாம்பியன்கள். கெரியை மட்டும் தனியாகப் பிரித்துக் குற்றம் சொல்ல முடியாது.

கிழக்குகார்க் | திங்கள் மாலை 6.10

இரண்டு பேரும் நன்றாகச் சொன்னீர்கள். வலுவைப் பொறுத்தவரை நான் இறங்கி வருகிறேன். ஆனால் என் மனசு ஒப்பாததற்குக் காரணம் வலு மட்டும் இல்லை. நேற்று அதைச் சரியாகச் சொல்லவில்லை.

கார்க்கில் பிரீமியர் இன்டர்மீடியட் ஜெயித்தால் அடுத்த வருடம் நீங்கள் சீனியர் ஏ. மேலே ஏற்றிவிடுவார்கள். லிமெரிக்கிலும் கில்கென்னியிலும் இதே மாதிரிதான். அதனால் மன்ஸ்டர் இன்டர்மீடியட் என்பது ஒரு கிளப்புக்கு ஒரே ஒரு குளிர்காலம். அக்டோபரில் கவுண்டி பட்டம், நவம்பரில் மன்ஸ்டர், அதிர்ஷ்டம் இருந்தால் ஜனவரியில் க்ரோக் பார்க். அவ்வளவுதான். பட்டத்தைத் தக்கவைக்க மறு வருடம் வரவே முடியாது, ஏனென்றால் நீங்கள் அந்தத் தரத்திலேயே இல்லை. திரும்ப வர வேண்டுமென்றால் முதலில் கீழே இறக்கப்பட வேண்டும். அதை யார் வேண்டிக்கொள்வார்கள்?

எங்கள் கிளப் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. பல வருடம் முந்தைய அணி. கவுண்டி இறுதியில் ஒரு புள்ளியில் தோற்றவர்கள். அந்தப் படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவர்தான் சனிக்கிழமை என் பையனுக்குப் பந்தைத் தூக்கச் சொல்லித்தருகிறார். அவருக்கு அந்த ஒரு குளிர்காலம்கூடக் கிடைக்கவில்லை. கெரி சாம்பியனுக்கு மேலே ஏற வழியில்லாததால் வருடா வருடம் கதவு திறந்திருக்கிறது. இந்த வித்தியாசம்தான் என்னை உறுத்துகிறது.

ஷானன்கரை | திங்கள் இரவு 8.25

"ஒரே ஒரு குளிர்காலம்" என்பதை ஒத்துக்கொள்கிறேன். மோனலீன் ஜெயித்தபோது பல்கலைக்கழகத்துப் பக்கம் நாங்கள் குடியிருந்தோம். டிசம்பர் இருட்டில் ஃப்ளட்லைட் போட்டுப் பயிற்சி செய்வார்கள். மழை என்றும் பார்க்க மாட்டார்கள்.

எனக்கு வேறு ஒரு கவலை. ஜனவரி நடுவில் வரை ஆடிவிட்டு, ஓய்வே இல்லாமல் அதே வருடம் மேல்தட்டில் போய் நிற்க வேண்டும். மற்ற அணிகள் அக்டோபரிலேயே ஓய்வெடுக்கப் போயிருக்கும். மாகாண வெற்றி அந்த கிளப்பையே களைப்பாக்கிவிடாதா?

கிழக்குகார்க் | திங்கள் இரவு 9.15

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அக்கா. பழைய முடிவுகளைப் பார்த்தால் எதிர்மாறாக இருக்கிறது. 2020-இல் சீனியர் ஏ தொடங்கியதல்லவா, முதல் பட்டம் வென்றது சார்ல்வில். இறுதியில் தோற்றது ஃபாதர் ஓநீல்ஸ். அந்த ஃபாதர் ஓநீல்ஸ் அதே ஜனவரியில்தான் க்ரோக் பார்க்கில் துலாரோனிடம் தோற்று வந்திருந்தார்கள்! 2021-இல் சீனியர் ஏ வென்றது கான்டர்க். மறுபடியும் எதிரே ஃபாதர் ஓநீல்ஸ். மூன்றுமே மன்ஸ்டர் இன்டர்மீடியட் வென்ற கிளப்புகள். அந்தக் குளிர்காலம் அவர்களைக் களைப்பாக்கவில்லை, இன்னும் உரமேற்றியது என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் ஒரு வருத்தம். சீனியர் ஏ சாம்பியனுக்கு மாகாணப் போட்டியே கிடையாது. பிரீமியர் சீனியருக்கு ஏற்றம் கிடைக்கும், கோப்பை கிடைக்கும், அத்தோடு வருடம் முடிந்தது. நடுவில் இருப்பவர்கள் அந்தரத்தில் நிற்கிறார்கள்.

கான்டர்க் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஆன்டனி நாஷ் கார்க் கவுண்டி அணியின் கோல்கீப்பராக இருந்தவர், ஆல் ஸ்டார் விருது வாங்கியவர். ஊர் கிளப்புக்கு வந்தால் கோலில் நிற்க மாட்டார், களத்தில் இறங்கி ஓடுவார். 2018 பிப்ரவரியில் கான்டர்க் க்ரோக் பார்க்கில் பட்டம் வென்ற அணியில் அவரும் இருந்தார். கவுண்டிக்கு ஆடுகிற பெரிய ஆளும் பக்கத்துப் பண்ணையில் பால் கறக்கிறவரும் ஒரே வரிசையில் நிற்பதைக் கிளப் ஆட்டத்தில்தான் பார்க்க முடியும்.

மேயோகாற்று | திங்கள் இரவு 9.50

களைப்பைப் பற்றிப் பேசினால் லின்ஸ்டர் மாகாணத்தின் இரண்டு கிளப்புகளைச் சொல்லியே ஆக வேண்டும்.

கில்கென்னியின் பென்னட்ஸ்பிரிட்ஜ்: 2015-இல் அகில அயர்லாந்து ஜூனியர் கிளப் பட்டம், மேலே ஏறி அடுத்த வருடமே 2016-இல் இன்டர்மீடியட் பட்டம். இரண்டு குளிர்காலமும் ஆடியிருக்கிறார்கள்.

கார்லோவின் மவுண்ட் லின்ஸ்டர் ரேஞ்சர்ஸ்: கார்லோ ஹர்லிங்கில் சின்னக் கவுண்டி, கெரி மாதிரியே. 2012-இல் அகில அயர்லாந்து இன்டர்மீடியட் வென்றார்கள். 2013-இல் லின்ஸ்டர் சீனியர் பட்டம். 2014 மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் நாளன்று, அகில அயர்லாந்து சீனியர் இறுதி! அங்கே கால்வேயின் போர்ட்டம்னாவிடம் தோற்றார்கள். இரண்டே வருடத்தில் இவ்வளவு தூரம். இன்டர்மீடியட்டில் ஜெயித்த பழக்கம் இல்லாமல் நேராக சீனியரில் விட்டிருந்தால் இது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதனால் என் யோசனை இது: கெரி சாம்பியன் இன்டர்மீடியட்டிலேயே ஆடட்டும். மன்ஸ்டரை வென்றால், அடுத்த வருடம் கெரியிலிருந்து யார் வந்தாலும் சீனியர் மன்ஸ்டரில் ஆடலாமா என்று அவர்களையே கேட்கட்டும். கட்டாயப்படுத்தக் கூடாது.

பழையஹாக்கி | திங்கள் இரவு 10.30

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். அந்த மட்டையைப் பற்றிச் சொல்லுங்களேன். ஹாக்கி மட்டை போல ஒரே பக்கம்தான் அடிக்க வேண்டுமா?

கிழக்குகார்க் | திங்கள் இரவு 11.05

இரண்டு பக்கமும் அடிக்கலாம் தம்பி. ஹர்லி என்பார்கள், ஐரிஷில் கமான். ஆஷ் மரத்தில் செய்வது. மரத்தின் நடுத்தண்டிலிருந்து எடுக்க மாட்டார்கள். அடிமரம் வேருக்குத் திரும்புகிற இடத்தில், அந்த வளைவோடு சேர்த்து அறுப்பார்கள். ரேகை வளைவோடு ஓடினால்தான் மட்டை நுனியில் பிளக்காது. அடிக்கிற தட்டையான நுனிக்கு பாஸ் என்று பேர். அதன் ஓரத்தைச் சுற்றி மெல்லிய தகரப் பட்டை வைத்துச் சின்ன ஆணி அடித்திருப்பார்கள்.

போன வாரம் என் பையன் மட்டையில் அந்தப் பட்டை நெகிழ்ந்துவிட்டது. படத்தில் இருக்கிற அந்தப் பெரியவர்தான் கிளப் கூடத்தின் பின்னால் உட்கார்ந்து சரிசெய்தார். பழைய பட்டையைக் குறடால் நெம்பி எடுத்தார். உள்ளே மரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. கட்டைவிரல் நகத்தால் அதை வருடிப் பார்த்தார், பசை தேய்த்தார், இடுக்கியில் வைத்து இறுக்கினார். ஒரு டீ குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு புதுப் பட்டையைச் சுற்றி ஒவ்வொரு ஆணியையும் இரண்டே அடியில் இறக்கி, நுனியை மறுபக்கம் மடக்கித் தட்டினார். கையால் தடவினால் ஒரு இடத்திலும் குத்தக் கூடாது, பக்கத்தில் ஆடுகிற பையன் கையைக் கிழித்துவிடும் என்றார்.

அயர்லாந்தில் 2012-இலிருந்து ஆஷ் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய். மரங்கள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வருகின்றன. அதனால் வெளிநாட்டு மரம் வருகிறது, மூங்கில் ஹர்லியும் வந்துவிட்டது. பெரியவர் மூங்கிலைத் தொட மாட்டார். பையன்கள் அதில் நன்றாகத்தான் ஆடுகிறார்கள்.

வடகெரி | செவ்வாய் காலை 6.50

இரண்டு நாளாக இதையே யோசித்தேன். கிழக்குகார்க் அண்ணா, உங்கள் உறுத்தல் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் "வருடா வருடம் கதவு திறந்திருக்கிறது" என்பதை இங்கேயிருந்து பாருங்கள். உங்கள் கிளப்புகளுக்கு ஒரே குளிர்காலம், ஆனால் அதற்கு மேலே ஏற ஏணி இருக்கிறது. இங்கே கவுண்டி பட்டத்துக்கு மேலே இந்த ஒரு கதவுதான். இதைச் சாத்தினால் கில்மொய்லிக்கும் காஸ்வேக்கும் வெளியூர் அணியோடு முறையாக மோத வேறு இடம் இல்லை. ஏணி இல்லாதவர்களுக்குத்தான் கதவு திறந்திருக்கிறது.

மேயோகாற்று சொன்ன யோசனை எனக்குச் சம்மதம். கட்டாயம் இல்லாமல், வென்றவர்களைக் கேட்டு.

கிழக்குகார்க் | செவ்வாய் இரவு 8.40

வடகெரி, இன்று பயிற்சியில் பெரியவரிடம் நீங்கள் எழுதியதை ஆங்கிலத்தில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், தன் இளவயதில் வடக்கு கெரியில் ஒரு நட்பு ஆட்டம் ஆடியதாகவும், அவ்வளவு கடினமாகத் தன்னை யாரும் மறித்ததில்லை என்றும் சொன்னார். முழங்கைக்குக் கீழே ஒரு பழைய தழும்பையும் காட்டினார்.

சரி, கெரி இருக்கட்டும். நான் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். சீனியர் ஏ சாம்பியனுக்கு மன்ஸ்டரில் இடம் எப்படிக் கொடுப்பது என்பதற்குத் தனி இழை தொடங்கலாமா? ஷானன்கரை அக்கா, லிமெரிக்கில் தரங்களை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று நீங்கள் முதலில் எழுதினால் நன்றாக இருக்கும்.

பழையஹாக்கி தம்பி, பையன் மட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறேன். 28 அங்குலம். பட்டையில் ஆறு ஆணி.